டேப் வேஷம் கட்டிய டிஸ்க்: பேக்கப் வரலாற்றில் ஒரு குறிப்பு

2000களின் நடுவில் ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர் அறைக்குள் போயிருந்தால், மூலையில் ஆளுயர அலமாரி ஒன்றைப் பார்த்திருக்கலாம். பேக்கப் மென்பொருளின் திரையில் அதைப் பார்த்தால், உள்ளே சில நூறு டேப், நாலைந்து டேப் டிரைவ், டேப்பை எடுத்து மாட்டுவதற்கு ஒரு ரோபோ கை. ஒவ்வொரு டேப்புக்கும் பார்கோடு எண்கூட உண்டு. அலமாரியின் கதவைத் திறந்தால் டேப்பும் கிடையாது, ரோபோவும் கிடையாது. வரிசையாகச் சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள், அவ்வளவுதான்.

இதற்கு விர்ச்சுவல் டேப் லைப்ரரி என்று பெயர். சுருக்கமாக விடிஎல். தமிழில் மெய்நிகர் நாடா நூலகம் என்று சொல்லலாம். எனக்கு இதில் புரியாமல் இருந்தது ஒன்றுதான். டேப்பைவிட டிஸ்க் வேகமானது. வேண்டிய இடத்துக்கு ஒரு நொடிக்குள் தாவும். அப்படிப்பட்ட சாமான் ஏன் மெதுவான பழைய சாமானாக நடிக்க வேண்டும்? குதிரை ஏன் மாட்டு வேஷம் போடணும்? இதைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றைத் தொகுத்து எழுதுகிறேன். வேஷம் ஏன் தேவைப்பட்டது என்பது பாதிக் கதை. அந்த வேஷத்தில் எது விடுபட்டுப் போனது என்பது மீதிக் கதை.

காலியாகக் கிடந்த டேப்புகள்

கம்ப்யூட்டரில் டேப் வந்தது 1951ல், யூனிவாக் இயந்திரத்தோடு. அது உலோக நாடா. அடுத்த ஆண்டு, 1952ல், ஐபிஎம் தன் 726 டேப் டிரைவை அறிவித்தது. இதில் பிளாஸ்டிக் நாடா. ஒரு சுருளில் சுமார் 2 எம்பி கொள்ளும். இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு. டிஸ்க் அதற்குப் பிறகுதான், 1956ல் வந்தது. விலை அதிகம் என்பதால் அன்றாட வேலைக்கு டிஸ்க், எடுத்து வைப்பதற்கு டேப் என்ற பாகப்பிரிவினை நிலைத்துவிட்டது.

டேப் சுருள்களை அலமாரியில் அடுக்கி வைத்து, வேண்டியதை எடுத்து மாட்ட ஆட்கள் இருந்தார்கள். 1984ல் ஐபிஎம் 3480 என்ற சதுர கேட்ரிட்ஜ் வந்தது. ஒன்றில் 200 எம்பி. சதுரமாக இருந்ததால் இயந்திரக் கையால் பிடிக்க வசதி. 1987ல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் ஒரு பெரிய குதிர் மாதிரியான கூண்டைக் கொண்டுவந்தது. உள்சுவரில் சுற்றிலும் சுமார் 6,000 கேட்ரிட்ஜ், நடுவில் சுழலும் ரோபோ கை. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே சைலோ, அதாவது தானியக் குதிர்தான்.

1990களில் ஒரு விநோதச் சிக்கல் வந்தது. கேட்ரிட்ஜின் கொள்ளளவு ஏறிக்கொண்டே போனது. 1995ல் வந்த ஐபிஎம் 3590 கேட்ரிட்ஜில் 10 ஜிபி பிடிக்கும். ஆனால் மெயின்பிரேம் நிரல்கள் பழைய வழக்கப்படியே, ஒரு வேலைக்கு ஒரு டேப் என்று ஆறெழுத்து அடையாள எண் சொல்லிக் கேட்டன. ஒரு டேப்பில் நூறு, இருநூறு எம்பி எழுதிவிட்டு அடுத்த டேப்பைக் கேட்கும். பத்து மூட்டை பிடிக்கும் குதிரில் ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டி மூடிவிட்டு, அடுத்த குதிரைத் திறப்பது போல.

நிரல்களைத் திருத்தி எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். அவை இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்டவை. வங்கியின் நாள்முடிவுக் கணக்கு, சம்பளப் பட்டியல், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் அவற்றில்தான் ஓடின. எழுதியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஓடுகிற வண்டியில் கைவைக்க யாருக்கும் தைரியமில்லை.

1997ல் ஐபிஎம் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. நிரலுக்கும் டேப் லைப்ரரிக்கும் நடுவில் ஒரு டிஸ்க் பெட்டியை வைத்தது. நிரல் டேப் கேட்டால் அந்தப் பெட்டி, இதோ டேப் என்று டிஸ்க்கில் ஓர் இடத்தைக் காட்டும். நிரலின் கண்ணுக்கு அது பழைய 400 அல்லது 800 எம்பி டேப். எழுதி முடித்தபின், இப்படிச் சேர்ந்த பல போலி டேப்புகளை ஒன்றாகக் கட்டி, பின்னால் இருக்கும் ஒரே ஒரு நிஜ 10 ஜிபி கேட்ரிட்ஜில் பெட்டி சாவகாசமாக ஏற்றிவிடும். விர்ச்சுவல் டேப் சர்வர் என்று பெயர் வைத்தார்கள். முதல் போலி டேப்புகள், நிஜ டேப்பைக் காலி பண்ண வந்தவை இல்லை. நிஜ டேப்பை நிரப்ப வந்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஓடினால் ஓடணும், நின்றால் தொல்லை

அடுத்த கட்டம் மெயின்பிரேமுக்கு வெளியே, யூனிக்ஸ், விண்டோஸ் சர்வர்களின் உலகத்தில். 2000ல் எச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய எல்டிஓ டேப் வந்தது. ஒரு கேட்ரிட்ஜ் 100 ஜிபி. நல்ல வேகம். ஆனால் அந்த வேகமே பிரச்சினையாகிவிட்டது.

டேப் ஒரே சீராக ஓட வேண்டும். எழுதுவதற்கான தரவு அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும். நெட்வொர்க் மெதுவாக இருந்து தரவு தட்டினால், டேப் நிற்கும். உடனே நிற்க முடியாது; கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நிற்கும். அடுத்த தரவு வந்ததும் பின்னால் சுற்றி, விட்ட இடம் பிடித்து, மறுபடி ஓடணும். ஷூவுக்குப் பாலிஷ் போடும் துணி மாதிரி முன்னும் பின்னும் இழுபடுவதால் பொறியாளர்கள் இதை ஷூ பாலிஷ் என்றே சொல்வார்கள். நேரம் வீண், நாடாவும் தேயும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிய பேக்கப், காலையில் ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதே சமயத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் ரக டிஸ்க்குகள் மளமளவென்று விலை இறங்கின. டிஸ்க்கில் பேக்கப் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் பேக்கப் மென்பொருள்களுக்கு டேப் பாஷைதான் தெரியும். எந்த டேப்பை எந்த நாளில் மேலெழுதலாம், எதை வெளியே அனுப்ப வேண்டும், எதை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் எல்லாம் டேப்பைச் சுற்றியே எழுதப்பட்டவை. அதனால் இங்கேயும் அதே வழிதான். 2000ல் தொடங்கிய ஃபால்கன்ஸ்டோர் என்ற நிறுவனம் இதற்கான மென்பொருளைச் செய்தது. அதை வைத்து இஎம்சி 2004ல் தன் டிஸ்க் லைப்ரரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்னொரு நிறுவனம் தன் பெயரையே செபடான் என்று வைத்துக்கொண்டது. இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தால் நோ டேப்ஸ், டேப்பே இல்லை என்று வரும்.

நீ யாரப்பா?

வேஷம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்ப்போம். சர்வரும் அதோடு இணைத்த கருவியும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு ஸ்கஸி என்று பெயர். சர்வர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: நீ யார்? கருவி தன் வகை எண்ணைச் சொல்ல வேண்டும். 0 என்றால் டிஸ்க். 1 என்றால் டேப். 8 என்றால் டேப் மாற்றும் ரோபோ. கூடவே தன்னைச் செய்த கம்பெனி பெயர், மாடல் பெயர்.

நம்ம மானாம்பதி, உத்திரமேரூர், செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். திரையைப் பிடித்தபடி கட்டியங்காரன் கேட்பான், வந்திருப்பது யார் என்று. திரைக்குப் பின்னால் இருப்பவர் பகலில் ஏர் ஓட்டுகிறவராக இருக்கலாம். ஆனால் சொல்லும் பதில், நான்தான் துரியோதனன் என்பது. அதற்குப் பிறகு விடியும்வரை அவர் துரியோதனன்தான்.

விடிஎல் அதைத்தான் செய்கிறது. உள்ளே இருப்பது டிஸ்க். நீ யார் என்று கேட்டால், 1, ஐபிஎம் அல்ட்ரியம் டேப் டிரைவ் என்று பதில். இன்னொரு முகத்தில் 8, நான் ரோபோ என்று பதில். பதினேழாம் அறையில் உள்ள டேப்பை இரண்டாம் டிரைவில் மாட்டு என்று சர்வர் கட்டளையிட்டால், எதுவும் நகராது. ஓர் அட்டவணையில் ஒரு வரி மாறும், மாட்டியாச்சு என்று பதில் போகும். நிஜ ரோபோ கை நகர்ந்து, டேப்பை எடுத்து, மாட்டி, சுற்றி நிறுத்த ஒரு நிமிஷத்துக்கு மேலேகூட ஆகும். இங்கே கண் சிமிட்டும் நேரம். மார்க் ஹார்வி என்பவர் லினக்ஸுக்கு எழுதிய எம்எச்விடிஎல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே இந்த நாடகம் முழுவதையும் நடத்திப் பார்க்கலாம்.

செப்பேட்டில் இருக்கும் ஏடு

புது ஊடகம் பழைய ஊடகத்தின் உருவத்தில் வருவது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. நம் செப்பேடுகளைப் பாருங்கள். செம்புத் தகட்டை எந்த வடிவத்திலும் அடிக்கலாம். ஆனால் அவற்றை ஓலை மாதிரி நீளவாக்கில், அகலம் குறைத்து அடித்தார்கள். ஓலையில் கயிறு கோக்க ஓட்டை இருப்பதுபோல் தகட்டிலும் ஓட்டை. கயிற்றுக்குப் பதிலாக முத்திரை பதித்த வளையம். 1905ல் கிடைத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 தகடு கொண்டது. அதுவும் இந்த ஜாதிதான். செப்பேடு என்ற சொல்லுக்குள்ளேயே ஏடு உட்கார்ந்திருக்கிறது. அது செம்பில் செய்த ஓலை. விடிஎல் டிஸ்க்கில் செய்த டேப்.

எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் கைப்பழக்கம் மாறாமல் ஊடகத்தை மட்டும் மாற்றுவதற்கு இது நல்ல வழி. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் செப்பேட்டுக்கும் விடிஎல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதற்கு முன்னால் இன்னொரு திருப்பத்தைப் பார்த்துவிடலாம்.

முன் பசலியில் உள்ளபடி

டிஸ்க் விலை இறங்கினாலும் டேப் அளவுக்கு இறங்கவில்லை. வாரா வாரம் முழு பேக்கப் எடுத்தால் ஒரே தரவு ஐம்பது தடவை சேரும். டிஸ்க்கில் அது கட்டுப்படியாகாது.

மானாம்பதி மாதிரி ஒரு கிராமத்தின் அடங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பசலிக்குப் பசலி எழுதுகிறார்கள். சர்வே எண் அதே, பரப்பு அதே, பட்டாதாரர் பெரும்பாலும் அதே. மாறுவது பயிர் மட்டும். பத்துப் பசலி அடங்கலை அடுக்கி வைத்தால் பெரும்பகுதி திரும்பத் திரும்ப ஒரே எழுத்து. மாறிய வரியை மட்டும் எழுதிவிட்டு, மற்றதுக்கு முன் பசலியில் உள்ளபடி என்று ஒரு குறிப்பு போட்டால் இடம் எவ்வளவு மிச்சம்!

2001ல் தொடங்கிய டேட்டா டொமைன் நிறுவனம் செய்தது இதுதான். வருகிற தரவைச் சில கிலோபைட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிடுவது. அந்தக் கைரேகை ஏற்கெனவே இருந்தால் துண்டை மறுபடி எழுதாமல், அந்த இடத்தைச் சுட்டிவிட்டு நகர்வது. பெல் லேப்ஸில் 2002ல் வெளிவந்த வென்டி என்ற ஆய்வுத் திட்டமும் இதே யோசனைதான். கோடிக்கணக்கான கைரேகைகளில் தேடுவதற்கே டிஸ்க் திணறிப்போகும். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று டேட்டா டொமைன்காரர்கள் 2008ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தத் துறையில் பேர்பெற்றது. 2009ல் நெட்ஆப்பும் இஎம்சியும் அந்த நிறுவனத்துக்கு ஏலம் போட்டுச் சண்டையிட்டு, கடைசியில் இஎம்சி சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது.

இதோடு டிஸ்க் பேக்கப் ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் கவனியுங்கள். திரையில் ஐம்பது டேப் தெரிகிறது. ஐம்பதிலும் அந்த ஃபைல் இருக்கிறது என்று காட்டுகிறது. நிஜத்தில் அந்தத் துண்டு டிஸ்க்கில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் கெட்டால் ஐம்பது டேப்பும் ஒரே நேரத்தில் கெடும். நிஜ டேப்பில் ஒன்று கெட்டால் மற்ற நாற்பத்தொன்பது உண்டு. இதற்காக நிறுவனங்கள் சோதனைக் குறியீடு, கூடுதல் டிஸ்க் என்று பல காப்புகள் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் பிரதிகளின் எண்ணிக்கையும் வேஷத்தில் ஒரு பகுதியாகிவிட்டது.

வாசலைத் தாண்டாத டேப்

நிஜ டேப் லைப்ரரியில் ஒரு சின்னக் கதவு உண்டு. வெளியே போக வேண்டிய டேப்பை ரோபோ அங்கே கொண்டுவந்து வைக்கும். ஆபரேட்டர் எடுத்துப் பெட்டியில் போட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்புவார். பெட்டி வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ பூட்டுக்குள் போய் உட்காரும். எரிச்சலான வேலை. பெட்டி தொலைந்ததும் உண்டு.

விடிஎல்லிலும் அந்தக் கதவு உண்டு, திரையில். டேப்பை வெளியேற்று என்று சொன்னால் வெளியேற்றியாச்சு என்று பதில் வரும். அட்டவணையில் அந்த டேப் வெளியே இருக்கிறது. ஆனால் தரவு அதே அறையில், அதே மின்சாரத்தில், அதே நெட்வொர்க்கில், அதே பாஸ்வேர்டுக்குக் கீழே இருக்கிறது. கவனமாக இருந்தவர்கள் பின்னால் ஒரு நிஜ டேப் டிரைவை இணைத்து நகல் எடுத்து அனுப்பினார்கள். 1997ன் முதல் வடிவம் அதுதான் என்று மேலே சொன்னேன். சிலர் வேறு ஊரில் இன்னொரு விடிஎல் வைத்து வயர் வழியே அனுப்பினார்கள். செலவு மிச்சம் என்று இரண்டையும் விட்டவர்களும் உண்டு.

பழைய டேப்பின் உருவம் எல்லாம் வந்தது: பார்கோடு, அறை எண், ரோபோ. வராமல் போனது ஒன்றுதான். தூரம். மெதுவானது, அசௌகரியமானது என்று நாம் திட்டிய டேப்பிடம் தானாகவே ஒரு குணம் இருந்தது: டிரைவிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைத் தொட முடியாது. யாரும் அதை ஒரு வசதி என்று பட்டியல் போட்டு எழுதி வைக்கவில்லை. அதனால் வேஷம் கட்டியபோது அதை யாரும் சேர்க்கவும் இல்லை.

2011 பிப்ரவரி 27ல் ஜிமெயிலில் சிலருக்குப் பெட்டி காலியாகத் தெரிந்தது. பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் என்று கூகுள் சொன்னது. கூகுள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பல டேட்டா சென்டர்களில் நகல் வைக்கும். ஆனால் புதிதாக ஏற்றிய மென்பொருளில் இருந்த பிழை அந்த நகல்களையும் சேர்த்து அழித்துவிட்டது. கடைசியில் மீட்டது டேப்பிலிருந்து. கம்ப்யூட்டரோடு இணைப்பில் இல்லாததால் பிழை அதைத் தொடவில்லை.

நம் நாட்டில், 2022 நவம்பர் 23ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. வெளிநோயாளர் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுதினார்கள். ரத்தப் பரிசோதனை கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இது தொழில்நுட்பச் செய்தி இல்லை. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் தரவை மீட்க முடிந்தது என்பதும் அதே பதிலில் இருந்தது. இந்த ரகத் தாக்குதல்காரர்கள் இப்போதெல்லாம் முதலில் தேடுவதே பேக்கப்பைத்தான். கைக்கு எட்டினால் அதை அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டுகிறார்கள்.

செப்பேட்டுக்கும் விடிஎல்லுக்கும் வித்தியாசம் உண்டு என்றேனே, அது இங்கேதான். சோழ அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணை முதலில் ஓலையில் ஏறும். அதிகாரிகள் சரிபார்த்து வரிப்பொத்தகத்தில் பதிவார்கள். பிறகு அது ஊருக்குப் போகும். ஊரில் செம்பிலோ கல்லிலோ ஏறும். ஊடகம் வேறு, இடமும் வேறு. தலைநகரத்தில் இருந்த வரிப்பொத்தக ஓலை ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையே மண்மேடு. சோழர் ஆட்சி பற்றி நாம் தெரிந்துகொள்வது பெரும்பாலும் ஊர்க்கோயில் சுவர்களில் தங்கிய நகல்களிலிருந்துதான். மானாம்பதிக்குப் பக்கத்து உத்திரமேரூரையே பாருங்கள். குடவோலைக்காகக் குடத்தில் போட்ட ஓலைச்சீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. 919லும் 921லும் முதலாம் பராந்தகன் காலத்தில் சுவரில் வெட்டிய விதிகள் இருக்கின்றன. அந்தச் சுவருக்கும் மைப்படி எடுத்து, வெங்கையா 1904-05 தொல்லியல் அறிக்கையில் அச்சிட்டார்.

வேலூர் பக்கம் திருவல்லம் கோயிலில் இன்னொரு நல்ல உதாரணம். மண்டபத்தை இடித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டை அப்படியே புதுச்சுவரில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். இது பழைய கல்வெட்டின் நகல் என்ற குறிப்பும் அதிலேயே இருக்கிறது. எது மூலம், எது படி என்பதை மறைக்காமல் சொன்னார்கள். படிக்கிறவருக்கு ஏமாற்றமில்லை.

இப்போது

பேக்கப் மென்பொருள்கள் டிஸ்க் பாஷையை நேரடியாகக் கற்றுக்கொண்டுவிட்டதால் புதிதாக விடிஎல் வாங்குகிறவர்கள் குறைவு. ஆனாலும் வேஷம் கலையவில்லை. அமேசான் 2013ல் தன் கிளவுட் சேவையிலேயே ஒரு விர்ச்சுவல் டேப் லைப்ரரியைத் திறந்தது. பழைய பேக்கப் மென்பொருளுக்கு, எங்கோ உள்ள டேட்டா சென்டரில் ஒரு ரோபோ கை டேப் மாட்டுவதாக இன்றும் நினைப்பு.

நிஜ டேப்பும் சாகவில்லை. 2021ல் வந்த எல்டிஓ-9 கேட்ரிட்ஜ் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கிறது. ரான்சம்வேர் பயத்தில், கழற்றி வைக்கலாம் என்ற அதன் பழைய அசௌகரியத்துக்காகவே அதை வாங்குகிறார்கள். டிஸ்க்காரர்களும் குறிப்பிட்ட காலம் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டு என்று புது வசதிகள் தருகிறார்கள். முன்பு தெரியாமல் விட்டுப்போனதை இப்போது தெரிந்தே திருப்பிச் சேர்க்கிறார்கள்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடம் என்று பேக்கப்காரர்கள் ஒரு விதி சொல்வார்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. அதைப் படிக்கும்போது எண்களை மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் கல்யாண போட்டோ போனிலும், அதோடு தானாக ஒத்திசையும் கிளவுடிலும், அதே கணக்கில் நுழைந்த லேப்டாப்பிலும் இருந்தால் மூன்று இடத்தில் இருப்பதாகத்தான் தெரியும். போனில் அழித்தால் மூன்றிலும் அழியும். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வயரைக் கழற்றி, ஊரில் பெரியம்மா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வந்தீர்களென்றால், அது ஒரு நகல். ஆறு மாசத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.